வலது கைக்கு ஒரு மட்டை

அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் தங்கத்துரை அவள் கணவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பிள்ளைக்கா சார்?"

"இல்ல அண்ணாச்சி, இவளுக்குத்தான்," என்றான் கணபதிராமன். "சுகர் எட்டிப் பாக்குதாம். டாக்டர் ஓடியாடச் சொல்லிட்டாரு. ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு டென்னிஸ் பேட் காட்டுங்க, போதும். எப்படியும் பத்து நாள்ல பரணுக்குப் போயிரும்."

பத்து நாளாம்.

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பல்கலைக்கழக அணியில் மூன்று வருடம் ஆடியவள். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவளுடைய மட்டையும் பரணுக்குத்தான் போனது. அது என்ன, கால் முளைத்துத் தானாகவா ஏறிப் போனது?

போன வாரம் பாளையங்கோட்டை மைதானத்தில் யாரிடமோ மட்டையை இரவல் வாங்கிப் பத்து நிமிடம் ஆடினாள். மூச்சு வாங்கியது. கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பேக்ஹேண்ட் அடி, எல்லைக் கோட்டை ஒட்டிப் போய் விழுந்தது. எதிரே நின்றவள் அசையக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை சொந்த மட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

தங்கத்துரை ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்தார். "லேடீஸ் பேட் சார். வெயிட்டே இருக்காது." அதையும் கணவனிடமே நீட்டினார்.

அவன் வாங்கி, ஈ ஓட்டுவது போல இரண்டு தரம் வீசினான். "நல்லாத்தான் இருக்கு."

இவன் எந்தக் காலத்தில் மட்டை பிடித்தான்?

வெடுக்கென்று வாங்கினாள்.

அலுமினியம். கழுத்துப் பக்கம் ஒட்டு தெரிந்தது. விரல் முட்டியால் சட்டத்தைத் தட்டினாள். தகர டப்பா மாதிரி அதிர்ந்தது.

பிடியைப் பற்றி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடதுகை ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தாள். ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லை.

இந்தச் சிறுத்த பிடியை இறுக்கி இறுக்கி ஒரு மாதம் ஆடினால் முழங்கை போய்விடும். முழங்கை போனால் மட்டை பரணுக்கு. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பான்.

கையை உயர்த்தியபோது வலது கை வளையல் இரண்டும் லொடலொடவென்று முழங்கைப் பக்கம் இறங்கின.

அதைப் பார்த்ததும்தான் நிஜமான கோபம் வந்தது.

கல்யாணத்துக்கு மாமியார் செய்து கொண்டுவந்த வளையல்கள். இடது கையில் மட்டும் அளவெடுத்து, நான்கையும் அதே அளவில் செய்திருந்தாள். இடது கையில் இரண்டும் ஏறின. வலது கையில் ஏறவில்லை.

பந்தடித்த கை. இடதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று சோப்புத் தண்ணீரைத் தடவி, நாலு பெண்கள் பிடித்து ஏற்றினார்கள். புறங்கைத் தோல் உரிந்தது. "வீட்டு வேல செய்யச் செய்யத் தன்னால வத்திரும்" என்று மாமியார் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கணபதிராமனும்.

வற்றித்தான் போயிற்று. பாவிகள், சொன்னபடியே வற்ற வைத்தார்கள்.

ரோஸ் மட்டையை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் தங்கத்துரை ஒரு அடி பின்வாங்கினார்.

"அத எடுங்க."

சுவரோரம் ஒரு கறுப்பு மட்டை தொங்கியது. பெயின்ட் உரிந்து, நரம்புகள் அறுந்து கிடந்தன.

"அது பழசும்மா. யாரோ குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டுப் போனாங்க. கனம் ஜாஸ்தி, பொம்பளையாளுக்குத் தோதுப்படாது."

"எடுங்கன்னேன்."

எடுத்தார்.

கார்பன். எங்கும் ஒட்டில்லை. தட்டினாள். மொத்தென்று சத்தம் அடங்கியது. பிடியைப் பற்றி விரலை நுழைத்தாள்.

சரியாக ஒரு விரல்.

"விலை?"

"புது நரம்பு போட்டாலும் ரெண்டாயிரத்துக்குள்ளதான் வரும்..."

"பழச எதுக்குளா தூக்கிட்டு?" என்றான் கணபதிராமன். அவள் திரும்பவில்லை.

தங்கத்துரை பழக்க தோஷத்தில் அவனைப் பார்த்தே கேட்டார். "நரம்ப எவ்வளவு இறுக்கத்துல கட்டணும் சார்?"

அவன் விழித்தான்.

"அம்பத்தஞ்சு பவுண்டு," என்றாள் அவள்.

தங்கத்துரை முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

கடை நடுவில் இடம் பார்த்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அறுந்த நரம்போடு மட்டையை ஒரு முறை வீசினாள். வளையல்கள் சத்தமிட்டன. நின்றாள். வலது கையிலிருந்து இரண்டையும் உருவினாள். சிரமமே இல்லாமல் வந்தன.

கணபதிராமனின் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"ஏளா, என்ன பழக்கம் இது? கை மூளியா இருக்கு. எடுத்துப் போடு," என்றான். கடைக்காரர் பார்க்கிறாரே என்று குரலைத் தாழ்த்தியிருந்தான்.

அவள் மறுபடி வீசினாள். காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னைக்கு லேசா ஏறும், நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றாள். "அடுத்த வருசம் சோப்புப் போட்டாலும் ஏறாது."