சூளைக்கு ஒரு ஆள்

ஒகாவாச்சி மலையடிவாரத்துப் பட்டறையில் சூளை இன்னும் ஆறவில்லை. இரவெல்லாம் தீயைப் பார்த்துக்கொண்டிருந்த ரெய்ஜி, சிவந்த கண்களோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

"அப்பா, நாளைக்கு ஃபுகுவோகாவுல சாயோவுக்குக் கல்யாணம். கிளம்ப வேண்டாமா?"

"நான் போகல," என்றார் ஷிகெஹிரோ. "சூளையை யாரு பாத்துக்கிறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்துடுவே. குளிர்காத்து பட்டா பச்சை நிறப் பீங்கான் அத்தனையும் விரிசல் விட்டுடும்."

"விட்டா வேற செஞ்சுக்கலாம். உங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணுப்பா."

அவர் மனைவி ஃபுசாகோ தேநீரை வைத்தாள். "நானும் சொல்லி அலுத்துட்டேன். அப்பா வராம மண்டபத்துக்குள்ள போகமாட்டேன்னு போன்ல அழறா."

"அழட்டும்."

"பையன் நல்லவன்தான்பா," என்றான் ரெய்ஜி.

கிழவருக்குப் பொறுக்கவில்லை.

"உன்னால எப்படிடா இப்படிப் பேச முடியுது? உன்னை வீட்டோட மாப்பிள்ளையாக் கூட்டிட்டு வந்து, எங்க குடும்பப் பேரையே உனக்குக் கொடுத்தேன். அவ உன்னை விவாகரத்து பண்ணிட்டா. இப்ப அவளோட ரெண்டாவது கல்யாணத்துல நான் எந்த முகத்தோட போய் உக்காருவேன்?"

ரெய்ஜி கோப்பையைக் கீழே வைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அவ விட்டுட்டுப் போனது என்னைத்தான். உங்களை இல்லையேப்பா."

ஷிகெஹிரோ மனைவி பக்கம் திரும்பினார்.

"ஃபுகுவோகாவுக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு?"