ஜெபக்கூடத்தின் உள்ளளவு

“இதுவும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் தேடுறது இது இல்ல” என்று சொல்லிவிட்டு, தூர்லைவ் கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

திரையில் அவருடைய வீரன் நான்காவது முறையாகச் செத்துக் கிடந்தான். எழுபத்தொரு வயதில் முதன்முதலாகத் துப்பாக்கி விளையாட்டுக்கு உட்கார்ந்தவர், எதிரில் வருகிறவனை விட்டுவிட்டுச் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

யூருன் அடுத்ததைத் திறந்தாள். அவளுக்கு மீன் பண்ணையில் வேலை. மற்ற நேரமெல்லாம் மோட்தான். பிரபலமான அந்தச் சுடும் விளையாட்டுக்குள் ரசிகர்களே புது இடம், புதுக் கதை என்று கட்டி இணையத்தில் இலவசமாக விடுவார்கள். அதற்குப் பெயர் மோட். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடப்பதில் தனியாளாக ஆட எது தேறும், எது குப்பை என்று சலித்துச் சொல்வதில் நார்வே முழுக்க அவளுக்குப் பெயர் உண்டு. அவர்கள் இருந்த சின்னத் தீவில் மட்டும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூர்லைவ் எடுத்துக்கொண்ட விதமே வேறு. இருபது வருடங்களுக்கு முன்னால், இந்த மாதிரி விளையாட்டெல்லாம் சாத்தானின் வேலை என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் செய்தவர் அவர். இன்று மழையில் நனைந்து வந்து, அவள் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அதே விளையாட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். வெட்கமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை.

ஜனவரிப் புயலில் மின்கம்பி அறுந்து விழுந்து தீவின் ஜெபக்கூடம் எரிந்து சாம்பலாகிவிட்டது. வரைபடங்களும் உள்ளே அலமாரியிலேயே இருந்து எரிந்தன. கல்யாணப் படங்கள் வீட்டுக்கு வீடு இருந்தன, எல்லாவற்றிலும் முகங்கள்தான். எதைக் கட்டுவது என்று நாளை மாலை சபை உறுப்பினர்கள் ஓட்டுப் போடப்போகிறார்கள். உள்ளளவைக் கையில் கொடுத்தால் பழையபடியே எழுப்பித் தருகிறேன் என்று தச்சன் ஐவின் சொல்லியிருந்தான். கொடுக்காவிட்டால் கப்பலில் வந்து இறங்கும் தகரக் கொட்டகைதான். நாற்பது வருடம் சபைக்குத் தலைவராக இருந்த தூர்லைவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வழி சொன்னதும் ஐவின்தான். பள்ளியில் படிக்கும்போது அவன் ஆடிய ஒரு மோடில் தீவின் ஜெபக்கூடம் அச்சு அசலாக வந்ததாம். பெயர் மறந்துவிட்டது, யூருனுக்குத் தெரியாத மோட் கிடையாது, அவளைக் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தான்.

அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றுதான் யூருன் எடுத்த எடுப்பில் சொன்னாள். வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வெள்ளத்தில் மூழ்கிய ரயில் நிலையம், பனிமலை மடம், பாழடைந்த கலங்கரை விளக்கம் என வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றையும் வாயாரப் புகழ்ந்தாள். கேட்ட சரக்கைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துப்போடும் கடைக்காரியிடம் மாட்டிக்கொண்டோமோ என்று தூர்லைவுக்குத் தோன்றியது.

“யூருன், நாளைக்கு ஓட்டு. எனக்கு நேரமில்லம்மா.”

அவள் ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்தாள்.

“ஒண்ணு இருக்கு. ஆனா நல்லா இருக்காது. ஏதோ ஸ்கூல் பிள்ளைங்க கட்டுனது. என் பட்டியல்லயே நான் அதைச் சேக்கல.”

“நல்லதை யார் கேட்டா? அதைப் போடு.”

போட்டாள். மரக்கதவு திறந்தது. மூன்றாவது அடியிலேயே தூர்லைவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துக்குப் பதினொரு பெஞ்சு. இடது மூலையில் இரும்பு அடுப்பு. மேல்மாடத்துக்கு ஏறும் குறுகல் படி. கொக்கி சரியாக மாட்டாத அந்தக் கடல் பக்கத்து ஜன்னல். அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் திரையின் மேல் வைத்தார். யூருனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுக்குள்ள மீட்டர் கிடையாது, தூர்லைவ். பெஞ்சைப் போல எத்தனை மடங்கு கதவுன்னு சொல்லலாம், அவ்வளவுதான். ஏதாவது ஒண்ணோட நிஜ உயரம் தெரிஞ்சாத்தான் மத்ததுக்குக் கணக்குப் போட முடியும்.”

தூர்லைவ் யோசித்துப் பார்த்தார். பெஞ்சு, கதவு, அடுப்பு எதையும் அவர் ஒருநாளும் அளந்ததில்லை. இனி அளக்கவும் முடியாது. கையில் கிடைத்தும் பயனில்லாமல் போனதே என்று மனம் விட்டுப்போய், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெஞ்சுகளுக்கு நடுவே பிரசங்க மேடையை நோக்கி நடந்தார்.

“அங்க போகாதீங்க. முடிவு ரொம்ப மட்டமா இருக்கும்.”

“இவ்வளவு தூரம் வந்தாச்சே.”

யூருன் சுட்டியைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அதற்குள் மேடைக்குப் பின்னாலிருந்து கடைசி அரக்கன் எழுந்துவிட்டான். தலையில் இரண்டு கொம்பு, கடைவாயில் ரத்தம். வட்டக் கண்ணாடி, நடுவில் ஒட்டிய புருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வலது சுட்டுவிரலை ஆட்டி ஆட்டி எதையோ கண்டித்துக்கொண்டிருந்தான். யூருன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தூர்லைவ் தம் வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அரக்கனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, அளவு நாடாவை அவள் கையில் வைத்துவிட்டு, கதவில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றார்.

“அந்த மூணு ஞாயிறும் முன் பெஞ்சுல உக்காந்து என்னை நல்லாத்தான் கவனிச்சிருக்க. மேடையோட முன்தடுப்பு என் சட்டையில மூணாவது பொத்தானுக்குத்தான் வரும், சரியா வச்சிருக்க. வா, என் உயரத்தை அள. கொம்பை மட்டும் சேத்துக்காத.”