செவ்வந்தியின் நிலம்

"உன் பேரு என்ன?"

"செவ்வந்தி."

"சத்தமாச் சொல்லு. தாசில்தார் காதுல விழ வேணாமா?"

"செவ்வந்தி, மாமா."

"மாமாவும் வேணாம், மச்சானும் வேணாம். பேர மட்டும் சொல்லு. வாய்க்காக் கரையோரம் இருக்குற பன்னெண்டு ஏக்கர் உனக்கு ஏது?"

"எங்கப்பா சீதனமாக் கொடுத்தாங்க."

மங்களத்துக்குக் கண்ணைச் சுழற்றியது. விடிந்ததிலிருந்து இதே பாடம்தான். கொல்லை அடுப்பில் நெல் அவிந்துகொண்டிருந்தது, மாடு இன்னும் கறக்கவில்லை, மாமனார் வைத்தியலிங்கமோ விட்டபாடில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மெட்ராஸில் ஆட்சி மாறினாலும் மாறியது, நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மிஞ்சிய நிலம் உபரி; சர்க்கார் எடுத்து உழுகிறவனுக்குக் கொடுத்துவிடும். விடுவார்களா நம் ஆட்கள்? பண்ணையாள் பேரில், செத்துப்போன சித்தப்பா பேரில் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். ஒரு மகானுபாவர் வண்டிமாட்டின் பேரில்கூட எழுதிவிட்டதாகக் கேள்வி. மருமகளுக்குத் தாய்வீட்டுச் சீதனமாக வந்த நிலம் என்றால் அது தனிக் கணக்கு என்று யாரோ வைத்தியலிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் எழுதிவைத்த பேர், செவ்வந்தி.

சீதனமாவது ஒன்றாவது! மங்களத்தின் அப்பா பூதலூர்ப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். அவர் கொடுத்தனுப்பியது ஒரு பித்தளைக் குடமும் இரண்டு புடவையும்தான். அதை மாமியார் ஞானாம்பாள் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது.

"அந்தப் பேரக் கேட்டாலே காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறாப்புல இருக்கு" என்றாள் ஞானாம்பாள். "நம்ம வயல்ல நடவுக்கு வர்றவ பேரு. நம்ம வீட்டுக்குள்ள அதச் சொல்லணும்னு தலையெழுத்து!"

"சும்மா இருடி. நெலம் தங்கணுமா, பேரு தங்கணுமா?" என்றவர், மங்களத்தின் பக்கம் திரும்பினார். "இந்தா, கேட்டுக்க. மாத்திச் சொன்னே, அடுத்த பஸ்ல பூதலூர்தான். திரும்பி வர்ற வேலையே வேணாம்."

மங்களம் தலையாட்டினாள். வாழ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், காலையில் கண் விழிக்கும்போது இது யார் வீடு, தலைக்கு மேலே இருப்பது யார் வீட்டு உத்தரம் என்று ஒரு கணம் விளங்காது. அப்போதெல்லாம் தன் பேரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். அதன் பிறகுதான் பாயைச் சுருட்டவே கை வரும். தோட்டைக் கழற்றிக் கொடுத்தாயிற்று, உடம்பையும் வேலைக்குக் கொடுத்தாயிற்று. பேர் ஒன்றைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இன்றைக்கு அதற்கும் வந்துவிட்டார்கள். நினைக்க நினைக்க அலுப்பாக இருந்ததே தவிர அழுகை வரவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. அவள் புருஷன் தியாகராசன், மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் நழுவினான்.

தாசில்தார் ஒல்லியான மனிதர். நாலு ஊர்ப் பொய்யைக் கேட்டுக் களைத்துப்போன முகம். கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை. பின்னாலேயே கணக்குக் கட்டோடு ஊர்க் கர்ணம்.

"செவ்வந்திங்கிறது யாரு?"

"இதோ, நம்ம மருமகதாங்க" என்றார் வைத்தியலிங்கம், பல்லெல்லாம் தெரிய.

"தெருவுல விசாரிச்சேனே, மங்களம்னுல்ல சொல்றாங்க?"

"ஊருல ஆயிரம் சொல்லுவாங்க. நீங்களே கேட்டுக்குங்க."

தாசில்தார் அவளைப் பார்த்தார். "பயப்படாமச் சொல்லும்மா. உன் பேரு என்ன?"

மங்களம் மாமனாரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"மங்களாம்பிகைங்க."

"அப்ப செவ்வந்தி?"

"அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லீங்க."

வைத்தியலிங்கத்தின் துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "ஐயா, ஐயா! பொய் சொல்றா! சத்தியமா அவ பேரு செவ்வந்திதாங்க! காவேரித் தாய் மேல ஆணை!"

"நேத்து ஒருத்தர் மாட்டுக்காரனக் கூட்டியாந்து கூடப்பொறந்த அண்ணன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணாரு" என்றபடி தாசில்தார் எழுந்தார். "பன்னெண்டு ஏக்கரும் உபரி. எழுதிக்கய்யா கர்ணம்."

ஜீப் தெருமுனை தாண்டியதும் ஞானாம்பாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! பொறந்தப்ப உங்கப்பன் ஆசையா வெச்ச பேருடி அது! சொந்தப் பேர இல்லேன்னு சொல்ல எப்படிடி வாய் வந்துச்சு?"

"கல்யாணமான மறுநா காலையில நீங்க சொன்னதுதான் அத்தை. 'செவ்வந்தின்னு யாரும் இந்த வீட்டுல கெடையாது, இனிமே நீ மங்களாம்பிகை'ன்னு."

யாரும் போகச் சொல்வதற்கு முன்பாகவே, அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பூதலூர் பஸ்ஸுக்கு நடந்தாள் செவ்வந்தி.