ஒரே ஒரு 'ஆம்'

எந்தத் துறை மாணவர்கள் அதிகம் புகைக்கிறார்கள் என்ற சர்வே முடிந்திருந்தது.

"நானூறு படிவத்துல ஒருத்தன்தான் 'ஆம்'னு போட்டிருக்கான். உங்க புள்ளியியல் துறைதான்!" கல்லூரி முதல்வர் படிவத்தை மேசையில் வீசினார்.

சர்வேயை நடத்திய புள்ளியியல் பேராசிரியர் அதைக் கையில் எடுத்தார். "பேர் கேக்க மாட்டோம்னு சொல்லித்தானே சார் வாங்கினோம்?"

"எத்தனை வருஷமா காலேஜ்ல இருக்கீங்கன்னு கேட்டா, இருபதுன்னு எழுதியிருக்கான். எவ்வளவு கொழுப்பு! பிடிங்க அவனை, சீட்டைக் கிழிச்சிடுறேன்."

"உண்மையைச் சொன்னதுக்கா சார்?"

"இப்படி இளகித்தான் பசங்களைத் தலைமேல ஏத்தி வச்சிருக்கீங்க."

கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, பேராசிரியர் முதலில் தானே ஒரு படிவத்தை நிரப்பியிருந்தார். படிவக் கட்டுக்குள்ளிருந்து அதை எடுக்கத்தான் மறந்துவிட்டார்.

"தேடிப் பார்க்கிறேன் சார்" என்றபடி அதை மடித்து, சட்டைப் பையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.