குடைக்குள் ஊர்

சங்கரன்கோவில் கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கிய தம்பதியிடம் பெரிய குடையோடு ஓடி வந்தார் பெருமாள்சாமி.

"வெளியூர்க்காரவுகளுக்கு ஊரைச் சுத்திக் காட்டுதேன். ஜட்கா எட்டணா கேப்பான். எனக்கு ரெண்டணா போதும்."

தில்லைநாயகம் உடனே குடைக்குள் புகுந்தார். மனைவி பகவதியும் புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒட்டி நடந்தாள்.

கோயிலைக் கட்டிய உக்கிரபாண்டியனின் யானைக் கதையைச் சொல்லி முடித்தார் பெருமாள்சாமி. "அம்மன் தபசு இருக்குத மண்டபம் இதான்" என்றதும் பகவதி வாய்பிளந்து பார்த்தாள்.

"அடுத்து அந்தச் சந்துக்குள்ள போவோம், அண்ணாச்சி" என்றார் தில்லைநாயகம்.

"அங்கன பாக்க ஒண்ணுமில்லயே!"

சந்தின் கடைசி வீட்டுப் படியேறிய தில்லைநாயகம், மடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

பெருமாள்சாமி திகைத்தார். "அப்ப நீங்க உள்ளூரா?"

பகவதி சிரித்தாள். "கல்யாணமாகி எட்டு வருசமா இங்கனதான். இவுக ஒருநாளும் ஊரைக் காட்டல. நாளைக்கும் மழை பெஞ்சா வாங்க அண்ணாச்சி, மிச்சத்தையும் பாக்கணும்!"