செம்போத்து கூவிய நேரம்

மரகதத்தின் போனில் இடம் தீர்ந்துவிட்டது. ஏதாவது ஒரு செயலியை நீக்கியாக வேண்டும்.

"என்னை நீக்க மாட்டாங்க, பொழுதுக்கும் என்னோடதான் இருக்காங்க," என்றது வீடியோ செயலி. "உன்னைத் திறந்தே மாசக்கணக்காச்சே, ஏன்?"

"அதான் எனக்கும் புரியல," என்றது பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி.

அந்நேரம் வெளியே முருங்கை மரத்திலிருந்து 'ஊப் ஊப்' என்று ஒரு குரல் வந்தது. மரகதம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செம்போத்து," என்று சொல்லிக்கொண்டே பறவைச் செயலியை அழுத்திப் பிடித்தாள்.

"ஓ, இதனாலதானா!" என்று சிரித்துக்கொண்டே மறைந்தது அது.

போகும்போது என்ன சிரிப்பு என்று வீடியோ செயலிக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மரகதம் அதைத் திறந்ததும், 'நேத்து என்கிட்ட என்ன பார்த்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?' என்று கேட்க நினைத்தது.

அதற்குள் அவள் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டது.