பரங்கிப் பூ வழக்கு

மொட்டை மாடியில் அன்றைக்கும் மூன்று பூக்களைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பரங்கிக் கொடியில் காம்புகள் மட்டும் மொட்டையாக நின்றன.

அவர் போலீஸ் இல்லை. பள்ளிக்கூடங்களைச் சோதனை போட்டே ஓய்வு பெற்றவர். ஆனாலும் குடியிருப்பவர்களுக்கெல்லாம் அவர் இன்ஸ்பெக்டர்தான். கட்டடமும் அவருடையது. சாயங்காலம் மொட்டுகளை எண்ணி நோட்டில் குறித்துவைப்பார். காலை எட்டு மணிக்கு வந்து ஆஜர் எடுப்பார்.

"வேற யாரு, மாடி ரூம் நர்ஸ்தான்," என்றார் மனைவியிடம். "நைட் ட்யூட்டி முடிச்சு வரும்போது பறிச்சிடறா."

"பூதானேங்க."

"பூதானேவா? ஒவ்வொரு பூவும் ஒரு காய். போன வருஷம் ஒரு பிஞ்சாவது நின்னுச்சா? மஞ்சளாகி மஞ்சளாகி விழுந்துச்சு. இந்த வருஷம் பதினோரு காய் தொங்குது. திருட்டு இல்லேன்னா முப்பது தொங்கும்."

"அந்தப் பொண்ணு குடிவந்த ராசின்னு நான் நினைச்சேன்."

"ராசியாவது. எல்லாம் என் உரம். வாழைப்பழத் தோல், காப்பித்தூள், மூணு வாரம் ஊறல். தெருவுல கேட்டுப் பாரு."

கேட்க வேண்டியதில்லை. தெருவில் ஒருத்தரை விடாமல் அவரே சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் கையும் களவுமா பிடிக்கறேன். அப்புறம் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட வேண்டியதுதான்."

"ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பக்கத்துல அவளுக்கு வேற இடம் கிடைக்காதுங்க."

"அதைப் பூவுல கை வைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

கீழ் வீட்டு டெய்லரிடமும் மற்ற குடித்தனக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். காலை ஏழு மணிக்கு எல்லோரும் மாடிக்கு வந்துவிட வேண்டும். பேச்சு பேச்சாக இருக்கும், சாட்சி சாட்சியாக இருக்கும்.

மறுநாள் ஆறரைக்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. பொறுத்துக்கொண்டார்.

நர்ஸ் வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. தோள்பையை இறக்கிவைத்துவிட்டு நேராகக் கொடியிடம் போனாள். ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, பாதிக் காம்போடு ஒடித்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

அவள் திரும்பினாள். பதறவில்லை.

"ஒரு நிமிஷம் சார். வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

பறித்த பூவின் இதழ்களை உரித்துத் தோள்பைக்குள் போட்டாள். நடுவில் மஞ்சள் பொடி பூசிய குச்சி மட்டும் மிஞ்சியது. அதை இன்னொரு பூவுக்குள் விட்டு மெல்லச் சுற்றித் தடவினாள்.

"என்ன பண்றே?"

"இந்தப் பூவுக்குக் கீழே பாருங்க சார். உருண்டையா ஒரு பிஞ்சு இருக்கா? இது பெண் பூ. நான் பறிச்சது ஆண் பூ. அது காய்க்காது. மத்தியானத்துக்குள்ள வாடிடும். அதோட மகரந்தம் இங்கே வந்து ஒட்டினாதான் இந்தப் பிஞ்சு நிக்கும்."

"அதுக்குத்தான் தேனீ இருக்கே."

"எங்கே சார் இருக்கு?"

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பூ விரிந்திருந்தும் கொடியில் ஒரு ரீங்காரம் இல்லை.

"ஞாயித்துக்கிழமை தவறாம மருந்து அடிக்கறீங்களே."

"அது இலையில இருக்கிற வெள்ளைப் பூச்சிக்கு."

"மருந்து ஆள் பார்த்தா சார் கொல்லும்? நான் வந்த முதல் வாரம் இந்தத் தொட்டியடியில ஏழெட்டுத் தேனீ செத்துக் கிடந்துச்சு. எங்க வீட்டுல வெள்ளரி போடுவாங்க, அதனால எனக்கு விஷயம் தெரியும். அன்னையிலேர்ந்து தேனீ வேலையை நான்தான் பார்க்கறேன். அது ஒரு நொடியில முடிச்சிட்டுப் போயிடும். எனக்கு அரை மணி நேரம் ஆகுது."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பதினோரு காய்களும் கண் முன்னால் வந்து போயின.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீங்க எல்லார்கிட்டயும் உரத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. சந்தோஷமா இருந்தீங்க. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. டெய்லர் முதலில் வந்தார். பின்னால் குடித்தனக்காரர்கள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு மனைவி.

"பிடிச்சாச்சா சார்?" என்றார் டெய்லர்.

எல்லோரும் நர்ஸின் கையிலிருந்ததைப் பார்த்தார்கள். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிடிக்கறதாவது. இது கை மகரந்தச் சேர்க்கை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அப்ப காலங்கார்த்தால எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"செயல்முறை விளக்கம். எல்லாரும் பார்த்துக் கத்துக்கட்டும்னுதான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

டெய்லருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்படியாம்மா? சார்தான் சொல்லிக் கொடுத்தாரா?"

இன்ஸ்பெக்டர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷச் சோதனையில் வாத்தியார்கள் அவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

நர்ஸ் விரலில் ஒட்டிய மஞ்சள் பொடியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, எல்லாம் சார் சொல்லிக் கொடுத்ததுதான்," என்றாள். "தேனீ திரும்பி வர்றவரைக்கும்தான் இந்த வேலையாம், அதுக்காக இனிமே மருந்தே அடிக்கறதில்லைன்னு சொல்லி, டப்பாவை இப்பவே உங்க எல்லார் முன்னாடியும் என்கிட்ட குடுத்துடறேன்னு சொன்னார்."